சுவர்ப் பக்கம் திரும்பிய பேட்டரி

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். கதை கட்டுகிற தெம்பு எனக்கு இல்லை. அப்போதும் இருந்ததில்லை. சுங்கை காடுட் தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும்போது, சோறா தூக்கமா என்று கேட்டால் தூக்கம் என்று சொல்கிற ஆள் நான். அப்படிப்பட்டவன் கண் முன்னால் நடந்தது இது. வருடம் 1983.

மலேசியாவில், கோலா பிலா பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். என் மனைவி பஞ்சாலை அங்கே பால் வெட்டிக்கொண்டிருந்தாள். அதனால் லயத்தில், தோட்டத்து ஆட்களுக்கான வரிசை வீடுகளில், எங்களுக்கு ஒரு வீடு கொடுத்திருந்தார்கள். ஒரு பக்கத்து வீட்டில் முத்தாயி அக்கா. தோட்டத்தில் பாதிப் பிள்ளைகளுக்குப் பிரசவம் பார்த்தவர். மறுபக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. வீட்டுக்கு வீடு பலகைச் சுவர்தான். அதுவும் கூரையைத் தொடாது. மேலே ஒரு முழம் திறந்தே கிடக்கும்.

கரண்ட் கிடையாது. எல்லார் வீட்டிலும் கார் பேட்டரிதான். அதில்தான் டிவி ஓடும், பல்பு எரியும். எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் ஒரு பேட்டரியை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். சும்மா கிடைத்ததே என்று நானும் வைத்துக்கொண்டேன். டிவி வாங்க எங்களுக்கு வக்கில்லை. ஒரு பல்பு போதும்.

அந்த ஒரு பல்பு கட்டாயம் வேண்டும். பஞ்சாலைக்கு எட்டு மாதம். மண்ணெண்ணெய் வாடை பட்டாலே குமட்டும் என்று விளக்கையெல்லாம் ஒழித்துவிட்டோம்.

"ராத்திரியில வலி வந்துட்டா இருட்டுல என்னாங்க பண்றது?"

தினமும் இதே கேள்வி.

அந்தப் பாழாய்ப்போன பேட்டரியோ நிற்கவே இல்லை. கோலா பிலாவில் முருகையா அண்ணன் கடையில் சார்ஜ் போட்டு, மோட்டார் சைக்கிளில் கட்டிக் கொண்டுவருவேன். மறுநாளே பல்பு மஞ்சளாகிவிடும்.

"சார்ஜ் முழுசா ஏறலண்ணே."

"முழுசா ஏத்தித்தான் கொடுத்தேன் லா! என்னையே சொல்றியா?"

முனைகளைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவினேன். பேட்டரித் தண்ணீர் ஊற்றினேன். ஒயரை மாற்றினேன். தூங்க வேண்டிய நேரமெல்லாம் இதிலேயே போயிற்று. கடைசியில் முருகையா அண்ணனே மூடிகளைக் கழற்றி, கண்ணாடிக் குழாயில் ஆசிட்டை உறிஞ்சி, உள்ளே சார்ஜ் அளவு காட்டுகிற மிதவை எங்கே நிற்கிறது என்று ஒவ்வொரு அறையாகப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"பேட்டரி கெட்டிருந்தா ஒரு ரூம்தான் இறங்கும். இதுல ஆறும் ஒண்ணுபோல இறங்கியிருக்கு. இது நல்ல பேட்டரிப்பா. யாரோ எரிக்கிறாங்க."

"யாரு எரிக்கிறா? வீட்டுல நாங்க ரெண்டே பேரு."

அவர் மூடிகளைத் திருகி மூடத் தொடங்கினார்.

அன்று படுக்கும் முன் இரண்டு கிளிப்பையும் கழற்றி ஆணியில் மாட்டினேன். காலையில் கிளிப்புகள் ஆணியில்தான் தொங்கின. ஆனால் பேட்டரி திரும்பியிருந்தது. சிவப்பு முனை பூட்டிய வீட்டுச் சுவரைப் பார்த்து நின்றது.

மாட்டிப் பார்த்தேன். பல்பு மஞ்சள்.

எவனோ திருடுகிறான் என்றுதான் நினைத்தேன். எரிச்சலில் முக்காலி போட்டு ஏறி, சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தேன். பட்டப்பகல். தரை முழுக்கத் தூசி. ஒரு காலடித் தடம் இல்லை. ஒயர் இல்லை. பல்பு இல்லை. உடைந்த பலகைக் கட்டில் ஒன்று மட்டும் கிடந்தது.

அடுத்த மாதம், டிவியில் தமிழ்ப் படம் போடுகிற நாள். நல்ல மழை. காலையில்தான் சார்ஜ் ஏற்றி வந்திருந்தேன். இருட்டியதும் பஞ்சாலை சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஏங்க... வந்துடுச்சு."

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வந்த தோட்டத்து லாரி சேற்றில் சிக்கிக்கொண்டது. முத்தாயி அக்காவைக் கூட்டி வந்தேன். வாசலில் ஒரு கணம் தயங்கித்தான் உள்ளே வந்தார்.

பல்பு மஞ்சளானது...

சிவந்தது...

அணைந்தது.

டார்ச் லைட்டைத் தட்டினேன். ஒருமுறை மினுங்கியது. அதுவும் செத்தது.

"வெளிச்சம் வேணும் தம்பி! புள்ள திரும்பியிருக்கு!"

பஞ்சாலை அலறினாள்.

அப்போது சுவருக்கு மேலே வெளிச்சம் வந்தது.

மஞ்சள் இல்லை. வெள்ளை. முழு சார்ஜ் ஏறிய பல்பு எரிகிற வெள்ளை.

பூட்டிய வீட்டிலிருந்து.

"அப்படியே புடி. அசைக்காத," என்றார் முத்தாயி அக்கா.

என்னிடம் சொல்லவில்லை. என் கையில் ஒன்றுமே இல்லை. அவர் மேலே பார்த்துச் சொன்னார்.

மழையின் நடுவே இரண்டு பெண்கள் முனகுவது கேட்டது.

ஒருத்தி பஞ்சாலை...

குழந்தை அழுதது.

வெளிச்சம் போய்விட்டது.

பஞ்சாலையும் பிள்ளையும் நலம். மறுநாள் பேட்டரியைக் கடைக்குத் தூக்கிப் போனேன். முருகையா அண்ணன் கண்ணாடிக் குழாயைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஆறும் ஃபுல்லா இருக்கு. என்னாத்துக்குக் கொண்டாந்த?"

திரும்ப அதே மூலையில் கொண்டுவந்து வைத்தேன். முத்தாயி அக்கா பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பக்கம் யாருக்கா?"

பிள்ளைமேல் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினார். பிறகு தலை நிமிராமல் சொன்னார்.

"செல்லம். நெறமாசக்காரி. அன்னைக்கும் படம் போட்ட நாளுதான். இந்த வீட்டு பேட்டரி பாதியில போயிடுச்சு. அவ புருஷன்தான் அவங்க வீட்டு பேட்டரியக் கழட்டித் தூக்கிட்டு வந்தான். அவனோட சேந்து லயமே இங்க உக்காந்து படம் பாத்துச்சு. நானும்தான் பாத்தேன். சவுண்டு பெருசா வச்சிருந்தோம். அவ கூப்பிட்டிருக்கா... யாருக்கும் கேக்கல."

"அப்புறம்?"

"படம் முடிஞ்சு, பேட்டரியத் திருப்பிக் கொடுக்கப் போனப்பதான் பாத்தோம். தாயும் புள்ளையும் இருட்டுல கெடந்தாங்க. அவ புருஷன் அந்த பேட்டரியத் தொடவே இல்ல. இந்த வீட்டுலயே கெடக்கட்டும்னு விட்டுட்டுப் போயிட்டான்."

முத்தாயி அக்கா மூலையைப் பார்த்தார்.

எந்த பேட்டரி என்று நான் கேட்கவில்லை.