இரக்கத்துக்கு மூன்று காரணம்

புக்கிட் பெலிம்பிங்கில், என் வீட்டுக் கார் போர்ச்சில் ‘மோரல்’ என்னும் பள்ளி நன்னெறிப் பாடத்துக்கு டியூஷன் நடத்துகிறேன். காரை வெயிலில் விட்டுவிட்டு, அந்த இடத்தில் பிள்ளைகளை நல்லவர்களாக எழுத வைக்கிறேன். வேலை எளிது. கேள்வியில் யாராவது கீழே விழுந்தால் இரக்கம். யாராவது பெரியவரை எதிர்த்துப் பேசினால் மரியாதை. பண்பின் பெயர், அதற்கு மூன்று காரணம், செய்ய வேண்டிய செயல். இதை மலாய் மொழியில் மனப்பாடம் செய்துவிட்டால் பரீட்சையில் ‘ஏ’ நிச்சயம்.

என் வகுப்பின் மணிமகுடம் நான்காம் படிவ மாணவன் ஒருவன். இரக்கம் என்று நான் வாயெடுப்பதற்குள் மூன்று காரணத்தையும் கொட்டிவிடுவான். அவனோடு படிக்கும் என் மகனோ மோரலில் தேறியதே இல்லை.

“ஆளு விழுந்தா தூக்கி விடணும். அதுக்கு எதுக்கும்மா மூணு காரணம்?” என்பான். சொல்லிவிட்டு ஓட்டப் பயிற்சிக்குப் போய்விடுவான். மாநில ஓட்டப் போட்டிக்குத் தேர்வாகியிருந்தான். அதற்காகக் கல்யாண வீட்டுப் பிரியாணியைக்கூட வேண்டாம் என்றவன்.

போட்டிக்கு முந்திய வாரம் பள்ளியிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. அவர்கள் வகுப்பில் திக்கிப் பேசும் பையன் ஒருவன் இருக்கிறான். என் மணிமகுடம் தினமும் அவனைப் போலத் திக்கிக் காட்டி எல்லாரையும் சிரிக்க வைப்பானாம். அன்று அவனைப் பள்ளி லோங்காங்கில், அந்தச் சாக்கடையில், தள்ளிவிட்டிருக்கிறான். அழுக்கு நீரில் கிடந்தவனைத் தூக்கி விட்ட என் மகன், தள்ளியவன் மூக்கில் ஒரு குத்து விட்டான்.

நான் போய்ச் சேர்ந்ததும், கட்டொழுங்கு ஆசிரியர் என் முன்னாலேயே இருவரையும் நிறுத்தி விசாரித்தார். என் மாணவன் மூக்கில் பஞ்சோடு, தலையைக் குனிந்து, மலாயில் ஆரம்பித்தான். இரக்கம் என்னும் பண்பை மீறிவிட்டேன் என்றான். மூன்று காரணமும் வரிசையாக வந்தன. இனி நண்பனுக்கு உதவுவேன் என்று செயலையும் சொல்லி முடித்தான். ஒரு காற்புள்ளிகூடப் பிசகவில்லை. ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“நீங்க சொல்லிக் குடுத்த பிள்ளதானே, டீச்சர்? என்ன பக்குவம் பாருங்க!” என்றார் என்னிடம். பிறகு என் மகனிடம் திரும்பினார். “நீ என்ன சொல்ற?”

“குத்துனது தப்புதான், சார். ஆனா அவன் மறுபடி தள்ளுனா, என்னால சும்மா பாத்துக்கிட்டு நிக்க முடியாது லா.”

பக்குவப்பட்டவனுக்கு எச்சரிக்கை. என் மகனுக்கு இடைநீக்கம்; போட்டியும் போயிற்று. நான் வாதாடினேன். பெற்ற பாசம் என்று சொல்லி ஆசிரியர் புன்னகைத்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன.

பெற்றோர் வாட்சாப் குழுவில் செய்தி பரவியது. “அந்தப் பையன் என்னமா பேசுனானாம் லா டீச்சர், எம் மகனையும் சேத்துக்குங்க” என்று தாய்மார்கள் போன்மேல் போன் போட்டார்கள். கார் போர்ச்சில் நாற்காலி போதவில்லை.

சனிக்கிழமை வகுப்புக்கு வந்தால், முன்வரிசையில் என் மகன். ஓட்டச் சப்பாத்து வாசலில் கிடந்தது. கையில் பேனா வைத்திருந்தான்.

“இரக்கத்துக்கு அந்த மூணு காரணத்தைச் சொல்லுங்கம்மா, எழுதிக்கிறேன்.”

கேலி செய்கிறானோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. சொன்னேன். ஒரே தடவையில் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, பிசகாமல் ஒப்பித்தும் காட்டினான். மற்ற பிள்ளைகள் கைதட்டினார்கள்.

இந்த முறை அவனுக்கு ‘ஏ’ வந்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.