மறுப்பிருந்தால் வெள்ளிக்கிழமைக்குள்

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு 'ஆட்சேபணை அம்மா' என்று பெயர். முகத்துக்கு நேரே மேடம். இந்தப் பெயரை யார் வைத்தது என்று கேட்டால் எல்லாரும் என்னைத்தான் கை காட்டுவார்கள். காட்டட்டும். அதில் ஒரு மரியாதை இருந்தது. அது புரியாத ஜென்மங்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க எனக்குப் பொழுதில்லை.

மேடத்தின் வேலை பால் பவுடர். நாடுகள் கூடிப் பேசும் விவசாய வர்த்தகப் பேச்சுவார்த்தையில் நம் பக்கம் உட்கார்ந்து பால் பவுடருக்காக மல்லுக்கட்டுவது. பணக்கார நாடுகள் தங்கள் மாட்டுக்காரர்களுக்கு மானியத்தை அள்ளி வீசும். பால் பெருகி வழியும். மிஞ்சியதைப் பவுடராக்கி, அடிமாட்டு விலைக்கு நம் துறைமுகத்தில் கொண்டுவந்து கொட்டப் பார்ப்பார்கள். அது நடக்காமலிருக்க நாம் இறக்குமதி வரி போட்டிருக்கிறோம். 'வரியைக் குறை' என்பார்கள் அவர்கள். 'முதலில் உன் மானியத்தைக் குறை' என்போம் நாம். இந்த ஒரே சண்டையை மேடம் தலை கறுப்பாக இருந்த காலத்தில் தொடங்கி, முழுக்க நரைக்கும் வரை போட்டார். அவர் எழுதியனுப்பும் குறிப்புகளை எல்லாம் தட்டச்சு செய்தது நான்.

அந்தப் பேச்சுவார்த்தையில் ஒரு வழக்கம் உண்டு. பேசிப் பேசி எல்லாரும் ஓய்ந்த பிறகு, கூட்டத் தலைவர் ஒரு வரைவை எல்லா நாடுகளுக்கும் அனுப்பி, ஒரு கெடு வைப்பார். கெடுவுக்குள் யாரும் மறுப்பு எழுதாவிட்டால் அத்தனை பேரும் ஒப்புக்கொண்டதாகக் கணக்கு. கை தூக்க வேண்டாம், கையெழுத்துப் போட வேண்டாம், வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். கெடு முடிந்ததும் தலைவர், 'மறுப்பு இல்லை, நிறைவேறியது' என்று சுத்தியலால் ஒரு தட்டு தட்டுவார். இதை நாங்கள் 'சைலன்ஸ் போட்டிருக்காங்க' என்போம்.

ஒருமுறை பால் பவுடர் வரியைப் பாதியாக வெட்டும் ஒரு பத்தியோடு அப்படி ஒரு வரைவு வந்தது. நம்மோடு சேர்ந்து நின்ற நாடுகள் கமுக்கமாகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தன. எங்கள் மேலதிகாரியே, 'போனால் போகட்டும், விடுங்கள்' என்று சொல்லிவிட்டார். மேடம் விடவில்லை. கெடு முடிவதற்குள், 'இந்தப் பத்தியை எங்களால் ஏற்க முடியாது' என்று ஒரே ஒரு வரி எழுதி அனுப்பினார். அவ்வளவுதான், ஒப்பந்தமே நின்றுபோனது. மறுநாள் காலை விடுதிச் சாப்பாட்டறையில் அவர் மேசைக்கு ஒரு நாட்டுக்காரரும் வரவில்லை.

"நாலு நாற்காலி. ஒண்ணுல நான், ஒண்ணுல கோட்டு, ஒண்ணுல பை. இன்னொண்ணுக்கு என்கிட்ட ஒண்ணுமே இல்ல" என்று திரும்பி வந்ததும் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பேச்சுவார்த்தைக்கு எப்போது போனாலும் அதே விடுதியில், லிப்டை ஒட்டிய அறையைத்தான் கேட்டு வாங்குவார். மற்றவர்கள் சத்தம் தாங்காமல் ஓடும் அறை அது. ஏன் மேடம் என்றேன். "லிப்ட் ஏறி இறங்குற சத்தம் கேட்டா, வீட்ல ஆளிருக்கிற மாதிரி இருக்கும்ல" என்றார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பேச்சுவார்த்தை வரைவில் முடிவாகாத சொற்களை அடைப்புக்குறிக்குள் போட்டுவைப்பார்கள். யாராவது கல்யாணப் பேச்செடுத்தால், "அது இன்னும் அடைப்புக்குறிக்குள்ளதான் இருக்கு" என்று வாயை அடைத்துவிடுவார்.

உறவு என்று இருந்தது ஒரு தம்பி. ஊருக்கு வெளியே மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர். விடுமுறை கிடைத்தால் மேடம் அந்த வீட்டு மாடியறையில்தான் போய்த் தங்குவார். இறக்குமதி வரி மட்டும் பாதியாகியிருந்தால் தம்பி மாடுகளை ஓட்டி விற்றிருக்க வேண்டியதுதான். அவரோ, "பவுடரைத் தடுத்தியே அக்கா, அப்படியே தீவன விலையையும் கொஞ்சம் தட்டி வையேன்" என்பாராம். நன்றி என்பது மருந்துக்கும் கிடையாது. மேடம் அதையும் பெருமையாகத்தான் சொல்வார்.

ஓய்வு பெறும் நாள் நெருங்கியது. அரசு குடியிருப்பைக் காலி செய்தாக வேண்டும். "இனிமே காலையில கண்ணு முழிச்சா, கீழ நம்ம மனுஷங்க பேசுற சத்தம் காதுல விழணும்மா. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்றார். பிறகு கைபேசியில் குடும்பக் குழுவுக்கு எழுதினார். எனக்கும் படித்துக் காட்டினார்.

'ஓய்வுக்குப் பின் மாடியறையில் நிரந்தரமாகத் தங்க எண்ணியுள்ளேன். எவருக்கேனும் மறுப்பிருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் தெரிவிக்கவும்.'

தலையில் அடித்துக்கொண்டேன். "என்ன மேடம் இது, டெண்டர் நோட்டீஸ் மாதிரி?"

"தெளிவா இருக்கணும்ல."

வெள்ளி போனது. ஒரு பதிலும் வரவில்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"யாரும் மறுக்கல பாத்தியா!"

"மேடம், எங்க வீட்ல இந்தப் பாத்திரத்த யார் கழுவுறதுன்னு கேட்டா ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க. அதுக்கு சரின்னா அர்த்தம்? ஒரு போன் போட்டுக் கேட்டுருங்க."

"ஆட்சேபணை இருந்தா சொல்லியிருப்பாங்க. எங்க வீட்ல யாருக்கு வாயில்ல?" என்று பெட்டி கட்டப் போய்விட்டார். குடியிருப்புச் சாவியையும் ஒப்படைத்தாயிற்று.

கடைசி முறையாக அலுவலகக் காரைக் கொடுத்தார்கள். நானும் கூடப் போனேன். வாசலில் தம்பி வந்து, "வா அக்கா" என்றார். அவர் கண் மட்டும் காரின் மேல் கட்டியிருந்த பெட்டிகளிலேயே நின்றது. உள்ளே நுழைந்தபோது மாடியிலிருந்து ஒரு குழந்தை அழும் சத்தம் கேட்டது. தம்பி மகள் படியிறங்கி வந்து, "வாங்க அத்தை" என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்து நின்றாள். மருமகனுக்கு இந்த ஊருக்கு மாற்றலாம். மகள், மருமகன், குழந்தை மூவரும் மாடியறைக்கு வந்து சில மாதமாகிவிட்டதாம். மேடத்துக்கு அதைக்கூட யாரும் சொல்லவில்லை.

"நல்லதாப் போச்சு. குழந்தையத் தூக்கிட்டு வா, பாக்கலாம்" என்றார் மேடம். குரல் சரியாகத்தான் இருந்தது. கைப்பையை மட்டும் மடியை விட்டு இறக்கவில்லை.

யாரும் மோசமானவர்கள் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். திட்டவாவது ஓர் ஆள் கிடைத்திருக்கலாம். அக்காவிடம் வராதே என்று சொல்ல தம்பிக்கு நாக்கு வரவில்லை. மகளைக் கிளம்பு என்று சொல்லவும் மனசு வரவில்லை. ஆகவே எல்லாருமாகச் சேர்ந்து சும்மா இருந்துவிட்டார்கள்.

தம்பி மனைவி சமையலறையிலிருந்து வந்தார். கையைத் துடைத்துக்கொண்டே, "இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க அண்ணி" என்றார்.

அந்த அம்மா அன்பாகத்தான் சொன்னார். ஆனால் வீட்டு ஆளை நாம் 'சாப்பிட வாங்க' என்றுதான் கூப்பிடுவோம். 'சாப்பிட்டுட்டுப் போங்க' என்பது விருந்தாளிக்கு. ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஊரையே எதிர்த்து நின்ற மனுஷி அவர். அந்தப் 'போங்க' அவர் காதில் விழாமலா போகும்?

மேடம் தம்பியைப் பார்த்தார். தம்பியோ தன் மகளைப் பார்த்தார். 'போறதாவது, அவங்க இங்கதான் இருக்கப் போறாங்க' என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டும். அதற்குத்தான் மேடம் காத்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. தம்பி சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். மின்விசிறி சுற்றியது. ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"சரி, நிறைவேறிடுச்சு" என்றார் மேடம் மெதுவாக. அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் அது விளங்கியது. பிறகு உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டார். குழம்பு பிரமாதம் என்றார். தம்பியிடம், "வேற இடம் பாத்துட்டேன்டா, சும்மா உங்களையெல்லாம் பாத்துட்டுப் போகத்தான் வந்தேன்" என்று ஒரு பொய்யும் சொன்னார். தம்பி அதை அப்படியே நம்பிக்கொண்டார்.

காரில் ஏறியதும் ஓட்டுநர், "எங்க போகணும் மேடம்?" என்று கேட்டார். மேடம் கைப்பையைத் திறந்து மூடினார்.

"எங்க வீட்டுக்கு விடுங்கண்ணே" என்றேன். "யாருக்காவது மறுப்பு இருக்கா?"

"இருக்கு" என்றார் மேடம். என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி சொன்னார். "உன் வீட்லயும் ஒரு நாள் என்னை சாப்பிட்டுட்டுப் போங்கன்னுதான் சொல்லுவாங்க. அதை நான் கேக்க வேணாம்மா."

நகரத்தில் பெண்கள் தங்கும் விடுதி ஒன்று தேடிப் போனோம். விடுதிக்கார அம்மா நல்ல அறையாகத்தான் காட்டினார், தோட்டத்தைப் பார்த்த அமைதியான அறை. மேடம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"லிப்டுக்குப் பக்கத்துல எதுவும் காலியா இருக்காம்மா?"

"இருக்கு. ஆனா நாள் முழுக்க ஒரே சத்தமா இருக்குமே. யாருமே வேணாம்னு சொல்ற ரூம் அது."

"அதையே குடுங்க" என்றார் மேடம்.