தெரிந்ததைச் சொல்ல வைத்த கஸ்தூரி சிஸ்டர்

வானூரில் கஸ்தூரி சிஸ்டரின் வீட்டிலிருந்து போன் வந்தபோது மருந்து கவுண்டரில் கூட்டம். "கஸ்தூரி சிஸ்டர் போயிட்டாங்க சார். காலையில நெஞ்சு வலின்னாங்க, அவ்ளோதான்." அடுத்த ஆளின் சீட்டை மூன்று முறை படித்தும் எந்த மாத்திரை என்று புரியவில்லை.

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர் நர்ஸ், நான் பார்மசிஸ்ட். அவர் உட்கார்ந்து டீ குடித்து நான் பார்த்ததில்லை. எங்களோடு வேலை செய்த உங்களில் யாராவது பார்த்திருக்கிறீர்களா?

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த மறு வருடம், உப்பளத் தொழிலாளி ஏழுமலையின் மனைவி செங்கேணிக்கு மூன்றாவதும் பெண் பிறந்தது. மாமியார் குழந்தையைப் பார்க்காமலே கிளம்பிவிட்டார். மகனுக்கு வேறு பெண் பார்ப்பதாகப் பேச்சு. சிஸ்டர் ஏழுமலையை என் கவுண்டருக்கே இழுத்து வந்தார். மருந்துச் சீட்டின் பின்பக்கம் குரோமோசோம்களைக் கிறுக்கினார்.

"இங்க பாருப்பா. பொம்பளகிட்ட இருக்கறது ரெண்டுமே எக்ஸ். அவ எதைக் குடுத்தாலும் எக்ஸ்தான். உங்கிட்ட எக்ஸ் ஒண்ணு, ஒய் ஒண்ணு. உன் எக்ஸ் போய்ச் சேந்தா பொண்ணு, ஒய் சேந்தா பையன்."

"அப்போ குத்தம் என்னுதா நர்சம்மா?"

"குத்தம் யாருதும் இல்ல. எது போவும்னு உன் கையிலயும் இல்ல. ஆனா அவளத் தொரத்தறதுல என்ன நியாயம்?"

அவன் நம்பாமல் என்னைப் பார்த்தான். "சார், நெசமா?"

நான் ஆமாம் என்று தலையை மட்டும் அசைத்தேன். அவன் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வார்டுக்குப் போனான். சிஸ்டர் நகரவில்லை.

"வீட்ல இதைச் சொன்னீங்களா சார்?"

"சொன்னேன்."

"சொல்லியுமா உங்க வீட்டம்மா இன்னும் பெருமுக்கல்ல இருக்காங்க?"

இரண்டாவது பெண் பிறந்ததும் என் அம்மா பேசிய பேச்சில் பெருமுக்கலில் இருக்கும் தாய் வீட்டுக்குப் போனவள் என் மனைவி. கல்லூரியில் இதே பாடத்தில் நல்ல மார்க் வாங்கியவன் நான். ஆனால் அம்மாவிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை; சிஸ்டரிடம் சொன்னது பொய்.

அன்று முழுவதும் இருப்புக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மாவை அழைத்துக்கொண்டு பெருமுக்கல் போனேன். மனைவியின் முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மனைவி கேட்டது ஒன்றுதான்: "இது உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"படிக்கிறப்பவே."

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். பத்து நாள் கழித்துத்தான் குழந்தைகளோடு திரும்பி வந்தாள்.

தடுப்பூசி நாளன்று ஏழுமலையும் செங்கேணியும் குழந்தையோடு வந்தார்கள். "ஆத்தா இன்னும் கத்தினுதான் இருக்குது. நான் அசையல நர்சம்மா" என்றான். சிஸ்டர் சிரித்தார். ஆனால் என்னை ஒன்றும் கேட்கவில்லை. பெருமுக்கல் போய் வந்ததை நானும் அவரிடம் சொல்லவில்லை. அன்று பொய் சொன்னதை ஒப்புக்கொள்ள வெட்கம். இனி சொல்ல ஆளில்லை.

மனைவி அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. நான்தான் எடுக்கிறேன், கவுண்டருக்கு வருகிற ஒவ்வொரு கணவனிடமும். தெரிந்த ஒன்றைச் சொல்லாமல் ஒரு நாளைக் கடத்த இப்போது என்னால் முடிவதில்லை. சிஸ்டர் எனக்கு விட்டுப் போனது அந்தத் தவிப்புதான்.