தெல்தோட்டைக்குப் போய்த் திருத்திய ஒரு சொல்

2023 ஜூன் 14, புதன்கிழமை, நான் தெல்தோட்டைக்குப் புறப்பட்டது இயற்கைக் காட்சிக்காக அன்று. பிழை என்னுடையதா, அங்குள்ள பெண்களுடையதா என்று அறிவதற்காக.

நான் கண்டியில் வசிக்கும் ஓய்வுபெற்ற மொழிபெயர்ப்பாளன். அக்குறணையைச் சேர்ந்த கலாநிதி நஸ்ரியா, கவலையின்போது சுரக்கும் கோர்டிசோல் என்னும் ஹோர்மோன் மூளையை என்ன செய்கிறது என்று ஆராய்பவர். அது காலையில் ஏறி மாலையில் இறங்க வேண்டும். நெடுங்காலம் இறங்காமல் நின்றால், நினைவைக் காக்கும் மூளைப்பகுதி நலியக்கூடும். இதற்காகத் தெல்தோட்டையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்களின் உமிழ்நீரைக் காலையும் மாலையும் சேகரித்தார். அவர்களிடம் கேட்டு ஒரு வினாத்தாளும் நிரப்பினார். அதன் தமிழ் வரைவைத் திருத்தி முடித்தவன் நான்.

உமிழ்நீரில் மாலையிலும் ஹோர்மோன் இறங்கவில்லை. ஆனால் "உங்களுக்கு மன அழுத்தம் உண்டா?" என்ற வினாவுக்கு அநேகமாக எல்லோரும் "இல்லை" என்றிருந்தார்கள். பெண்கள் வெற்றிலை வாயோடு உமிழ்நீர் தந்து மாதிரிகளைக் கெடுத்திருப்பார்கள், தெல்தோட்டையை நீக்குங்கள் என்று மேற்பார்வைக் குழு எழுதியது. ஜூன் 19, திங்கள் வரை தவணை. நீக்கினால் நஸ்ரியாவின் ஈராண்டு உழைப்போடு அந்தப் பெண்களும் ஆய்விலிருந்து மறைவார்கள்.

கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் 6.40க்கு என்ற பஸ் 6.52க்குப் புறப்பட்டது. (இத்தகைய பன்னிரண்டு நிமிடங்களை நான் மன்னிப்பதில்லை.) கலஹாவுக்கு அப்பால் வளைவுகள் மிகுதி, வயிறு புரள்பவர்கள் முன் ஆசனம் பிடிப்பது நல்லது. 8.45க்கு நஸ்ரியாவும் நானும் தெல்தோட்டையில் இறங்கினோம். தோட்டம் வரை ஆட்டோ, நான்கு கிலோமீட்டர், 500 ரூபாய்.

"பெரியவரே, மேல ரோடு இல்ல, கல்லுதான். இடுப்பு தாங்குமா?" என்றார் சாரதி.

"இடுப்பை நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் கல்லைப் பாருங்கள்."

கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் ராஜேஸ்வரி என்பவர் கூடையை இறக்கிவிட்டு வந்தார். நஸ்ரியா அதே வினாவை மறுபடி வாசித்தார்.

"அதான் இல்லன்னு சொன்னேனே மிஸ். போன மாசங்கூட கிளினிக்குல கையில பட்டி கட்டிப் பாத்தாங்க. அழுத்தமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பிரஷருக்கு மாத்திர போடுறது எங்க மாமியா."

நான் வெற்றிலையைப் பற்றிக் கேட்டேன். "மிஸ் சொன்ன அன்னிக்கு வெத்தலப் பையத் தூக்கி அலுமாரி மேல போட்டுட்டேங்க ஐயா. எங்கள என்னான்னு நெனச்சீங்க?"

"சரி, யோசனை இருக்கா?" என்றார் நஸ்ரியா.

கொட்டகையே சிரித்தது. "யோசன இல்லாமயா? மழ பேஞ்சா கூர ஒழுகுமேன்னு யோசன. கொழுந்து கொறஞ்சா அரப் பேருதான் போடுவாங்க, பாதிச் சம்பளந்தான்னு யோசன. மவன் கொழும்புல சாப்புட்டானான்னு யோசன. எத மிஸ் சொல்ல?"

நஸ்ரியாவின் முதல் வரைவில் "யோசனை" என்றே இருந்தது. அதன் பொருள் முன்மொழிவு, கவலைக்கு அது ஆகாது என்று 2021 செப்டெம்பர் 3ஆம் திகதி சிவப்பு மையால் வெட்டி "மன அழுத்தம்" என்று எழுதியவன் நானே.

"அன்டைக்கே சொன்னேனே சேர். எங்கட உம்மாவும் யோசனைன்டுதான் சொல்ற," என்றார் நஸ்ரியா.

"சொன்னீர்கள். நான்தான் கேட்கவில்லை."

குழு மாதிரிகளை வீசிவிடக்கூடும் என்று நான் சொன்னதும் ராஜேஸ்வரி இடுப்பில் கை வைத்தார். "வீசட்டும். இன்னும் நாலு தடவ துப்பித் தாறோம். ஆனா எங்களப் பொய்க்காரின்னு எழுத விடாதீங்க."

திங்களன்று குழுவிடம் எழுத்தில் கொடுத்தேன்: மாதிரி கெடவில்லை, வினாவே பிழை, அதைச் செய்தவன் பெயர் கீழே. ஓர் உறுப்பினர், "யோசனை பேச்சுவழக்கு, அச்சிடத் தகாது" என்றார். "அப்படியானால் அகராதியின் உமிழ்நீரைச் சோதியுங்கள்" என்றேன். நஸ்ரியா சிரிக்கவில்லை. "தெல்தோட்டையை வெட்டுறதென்டா என்ட பேரையும் வெட்டுங்க," என்றார். 11.20க்கு இணங்கினார்கள்: மாதிரிகள் இருக்கும்; வினா மட்டும் மீண்டும் கேட்கப்படும்; முதல் விடைகளும் என் பிழையும் சேர்ந்தே அச்சாகும்.

போக விரும்புவோர் குடையும் அட்டைக்கடிக்கு உப்பும் கொண்டுசெல்க. பிற்பகல் மூன்றுக்குள் கீழே இறங்குக. மழை தொடங்கினால் ஆட்டோ கிடைப்பதில்லை. வினாத்தாளோடு போவோர், அச்சிடுமுன் அதைக் கொட்டகையில் உரக்க வாசிக்கவும். சிரித்தால் திருத்தவும்.

ஜூலை 5, புதன்கிழமை, "யோசனை" என்று திருத்திய புதிய தாளோடு சென்றோம். ராஜேஸ்வரி "உண்டு" என்பதில் அடையாளமிட்ட பின்னும் பேனையைத் திருப்பித் தரவில்லை. ஓரத்தில் எழுதினார். இடம் போதாமல் தாளைப் புரட்டினார்.