பேசாமல் போன நான்கு வருஷம்

எழுபதுகளின் கடைசியில், விவாகரத்துக்காக அண்ணனோடு காஞ்சிபுரத்தில் ஒரு வக்கீலைப் பார்க்கப் போனேன்.

"அடிப்பாராம்மா? குடிப்பாரா?" என்று கேட்டார்.

இரண்டும் இல்லை. பிள்ளையார்பாளையத்து வீட்டில் நானும் கணவரும் ஒரே தறியில் நெய்தோம். நான்கு வருஷம் அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பொறுக்க முடியாமல் அம்மா வீட்டுக்கு வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"இதெல்லாம் ஒரு காரணமா சார்?" என்று அண்ணன் சலித்துக்கொண்டார்.

வக்கீல் என் பக்கம் திரும்பினார். "நாலு வருஷம் எப்படிம்மா நாளைத் தள்ளிக்கினு இருந்தே?"

அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. அழுதுவிட்டேன்.

இருவரும் சம்மதித்தால் பிரியலாம் என்று புதிதாகச் சட்டம் வந்திருப்பதாகச் சொல்லி, அவர் என் கணவருக்குக் கடிதம் போட்டார். அடுத்த வாரமே கணவர் வந்தார்.

"அவ மேல தப்பு இல்ல சார். எனக்குத்தான் இந்தக் கல்யாணத்துல இஷ்டம் இல்ல. வீட்ல சொல்றதுக்கு தைரியம் வரல" என்றார்.

கையெழுத்துப் போட்டதும் என்னைப் பார்த்து, "சாப்டியா?" என்று கேட்டார்.

"ஆச்சு" என்றேன்.

கோபம் வரவில்லை, பாவமாக இருந்தது. அவரை நினைத்தா, என்னை நினைத்தா என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை.