கங்கம்மாள் பாடிய தாலாட்டு

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்தில் சாவு விழுந்தால் முதலில் கங்கம்மாளுக்குத்தான் ஆள் வரும். மாரில் அடித்துக்கொண்டு அவள் முதல் வரியை எடுத்தால் கல்நெஞ்சக்காரனும் குந்தி அழுதுவிடுவான். அப்படி ஒரு குரல், பாவம். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைக் கேலி செய்து நலங்கு பாடச் சொன்னாலும் பெண் வீட்டார் மூக்கைச் சிந்துவார்கள். "உனுக்குச் சிரிப்புப் பாட்டே வராதா?" என்று புருஷன் கலியன் கிண்டல் பண்ணுவான்.

அறுபத்தாறாம் வருஷப் புயலில் அந்தக் கலியன் முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. மூன்று நாள் அவன் தம்பி நாகமுத்து படகெடுத்துத் தேடினான். கங்கம்மாள் சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ஒப்பாரி வைத்துவிட்டால் ஆள் செத்தது உறுதி என்பது குப்பத்துக்கு எழுதாத சட்டம். வாயையே திறப்பதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

நாலாம் நாள் காலை கைக்குழந்தை செல்விக்குக் காய்ச்சல். தூளியில் போட்டு ஆட்டினாள், வீறிட்டது. வேறு வழியில்லாமல் தாலாட்டை எடுத்தாள். தாலாட்டும் ஒப்பாரியும் ஒரே இழுப்புத்தானே? 'ஆராரோ' வரவில்லை. "எறா புடிக்கப் போன அப்பன் எப்போ வருவாரோ" என்ற வரி மட்டும் வெளியே வந்தது.

பக்கத்து வீட்டுச் சம்பூர்ணத்தின் காதில் அது விழுந்தது. "ஐயோ, கங்கம்மா பாட்டெடுத்துட்டாடீ! சேதி வந்துட்சி போலக்கீது!" என்று தலைமுடியை அவிழ்த்துக்கொண்டு ஓடிவந்தாள். பின்னாலேயே பத்துப் பெண்கள். ஒருத்தி கழுத்தை ஒருத்தி கட்டிக்கொண்டு கூடிப் பாட ஆரம்பித்துவிட்டார்கள்.

"கொயந்தைக்குப் பாடனேன்டி! வாய மூடுங்கடி!" என்று கங்கம்மாள் கத்தினாள். இழவுப் பாட்டுக்கு நடுவில் கத்துகிறவள் பேச்சை யார் கேட்கிறார்கள்? அவளையும் இழுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டார்கள்.

சட்டென்று அவளுக்குத் தேடப் போகிற படகு நினைவு வந்தது. அவர்கள் பிடியை உதறிவிட்டு, குழந்தையை வாரிக்கொண்டு கரைக்கு ஓடினாள். பயந்தபடியே ஆகியிருந்தது. அன்றும் தேடப் புறப்பட்ட நாகமுத்து பாட்டுச் சத்தம் கேட்டுப் படகைத் திருப்பிக் கட்டிவிட்டான். ஆட்கள் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

"தம்பி, அது தாலாட்டுடா! சேதி ஒண்ணும் வர்ல. போய்த் தேடு!"

"ஒப்பாரி கேட்ட நாள்ல தண்ணில எறங்கக் கூடாது அண்ணி. எவனும் வர மாட்டான். நாளிக்கிப் பாக்கலாம்."

"நாளிக்கி இன்னாத்தப் பாக்கறது? கட்டையப் புடிச்சிக்கினு மெதந்துக்கினு இருந்தார்னா?"

அவன் படகுக் கயிற்றை இன்னொரு முடிச்சுப் போட்டான். குழந்தையை அவன் கையில் திணித்துவிட்டுக் கயிற்றை அவிழ்த்தாள். முழங்காலளவு தண்ணீரில் நின்று படகை முட்டித் தள்ளினாள். சேற்றை விட்டு அது அசையவில்லை. படகு தள்ளுகிறபோது ஒருவன் 'ஏலேலோ' என்பான், மற்றவர்கள் 'ஐலசா' என்று சேர்ந்து தள்ளுவார்கள். பெண்கள் அதைப் பாடி அந்தக் கரை கேட்டதில்லை.

"ஏலேலோ" என்று எடுத்தாள் கங்கம்மாள்.

கரையில் ஒரு வாயும் திறக்கவில்லை.

"ஐலசா" என்று தானே சொல்லிக்கொண்டு மறுபடியும் தள்ளினாள்.