ஹார்லன் பேசிய தமிழ்

போன சனிக்கிழமை ரூ து ஃபொபூர் சேன்-தெனித் தெருவில் ஒரு மணப்பெண் அலங்காரக் கடைக்குள் குந்தியிருந்தேன். உள்ளே மனைவிக்குக் கொண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கலியாண வீட்டுக்குப் போகும் அவசரம். பக்கத்துக் கதிரையில் இருந்தவவுக்குப் பூசுவதற்காக அந்தக் கடைப்பிள்ளை ஒரு சின்ன டப்பாவைத் திறந்தா. மெழுகு, பவுடர், ஊசிப்போன எண்ணெய் எல்லாம் கலந்த ஒரு மணம். எழும்பி வெளியே ஓடிவந்து பஸ் புகையை ஆசையோடு இழுத்தேன்.

"என்னப்பா, சுகமில்லையே?" என்று மனைவி பிறகு கேட்டா.

"ஒண்டுமில்லை, காத்து வாங்கினனான்" என்றேன்.

அவவுக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன். அந்த மணத்தை நான் ஒருகாலத்தில் உடம்பு முழுக்கப் பூசிக்கொண்டு இரண்டு நாள் நின்றிருக்கிறேன்.

நான் பிரெஞ்சு நாட்டுக்கு வந்த புதிது, எண்பதுகளின் நடுப்பகுதி. லா ஷப்பலில் எங்கள் தமிழ்க் கடைகளைக் கைவிரலில் எண்ணிவிடலாம். ரூ பஜோலில் ஓர் அறைக்குள் ஆறு பேர் இருந்தோம். என்னிடம் மூன்று மாதத்துக்கு ஒருதரம் புதுப்பிக்கிற ரெசிப்பிசே என்ற தற்காலிக வதிவிடத் துண்டுக் கடுதாசியும், ஒரு ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவுகிற வேலையும் இருந்தன. ஊரில் ஆங்கிலத்தில் நல்ல புள்ளி எடுத்தவன் என்ற பெருமையும் இருந்தது. கோப்பைகளுக்கு ஆங்கிலம் விளங்காதபடியால் அதைக் காட்ட இடம் கிடைக்கவில்லை.

அறையில் மூத்தவர் சூசை அண்ணை, மன்னார்க்காரர். வாயைத் திறந்தால் பகிடி. அவர்தான் ஒருநாள் முசியே அந்த்துவானைக் கூட்டிவந்தார். முசியே அந்த்துவான் புதுச்சேரிக்காரர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்சன் எடுத்தவர். கோட்டு, தொப்பி, மெழுகு வைத்த மீசை.

"சினிமாவுக்கு ஃபிகுரான் வேணுமாம். கூட்டத்துல நிக்கிற வேல. நாப்பது பேரு. அமெரிக்கப் படம். உன்னைப் போல இங்கிலீஷ் தெரிஞ்சவன் ஒருத்தன் வந்தா வசதி" என்றார்.

அமெரிக்கப் படம்! நான் அன்றைக்கே தலைமயிர் வெட்டினேன். படத்தில் என் தலையே தெரியவில்லை என்பது வேறு கதை.

சேன்-தெனிப் புறநகர்ப் பக்கம் ஒரு பழைய சரக்குக் கொட்டகைக்குள் காடு செய்திருந்தார்கள். பிளாஸ்டிக் மரங்கள், காகிதக் கூழில் ஒரு கோரமான அம்மன் சிலை. எங்களை வரிசையில் விட்டு உடுப்பைக் கழற்றச் சொன்னார்கள். இடுப்பில் ஒரு முழத் துண்டு கட்டிவிட்டார்கள். பிறகு ஒருத்தன் எங்கள் நிறத்தைப் பார்த்துத் தலையாட்டினான். கமெராவுக்கு எங்கள் கறுப்புப் போதாதாம். வாளிக்குள் இருந்த பூச்சைப் பஞ்சால் ஒற்றி, வேலிக்குத் தார் பூசுகிற மாதிரிப் பூசினார்கள். அடுத்த நாளும் அதே இடத்தில் நிற்கவேண்டும் என்று முதுகில் சுண்ணாம்புக்கட்டியால் இலக்கம் எழுதினார்கள். நான் பதினேழு. சூசை அண்ணை பதினெட்டு.

"ஊரில மாட்டுக்குக் குறி சுடுவினம். இஞ்சை சோக்கால எழுதுறாங்கள். முன்னேற்றம்தான்" என்றார் சூசை அண்ணை.

படத்தில் நாங்கள் மனிதரைப் பலி கொடுக்கும் காட்டுச் சாதி. சிலைக்கு முன்னால் உண்மையான ஆட்டுக்குடல் குவித்திருந்தார்கள். விளக்குச் சூட்டில் மத்தியானத்துக்குள்ளேயே அது நாறத் தொடங்கியது. அந்த நாற்றமும் எங்கள் பூச்சின் நாற்றமும் சேர்ந்து கொட்டகையெல்லாம் பரவியது. இயக்குநர் ஒரு சின்ன உருவம். எங்களைப் பார்த்து உறுமச் சொன்னார், ஊர்ந்து வரச் சொன்னார். நான் உறுமினேன். நன்றாக உறுமினேன் என்று தட்டிக்கொடுத்தார்கள். சீ, அந்தத் தட்டலுக்கு ஒரு கணம் சந்தோசப்பட்டேனே, அதுதான் இன்றைக்கும் ஆறவில்லை.

எங்கள் தலைமைப் பூசாரியாக நடித்தவர்தான் ஹார்லன், ஓர் அமெரிக்க நடிகர். உண்மைப் பெயர் வேண்டாம். அறுபத்தைந்து வயதிருக்கும். பெரிய மூக்குக்கு மேல் இன்னுமொரு மூக்கை ஒட்டியிருந்தார்கள். எங்களுக்குப் பூசிய அதே வாளிப் பூச்சுத்தான் அவருக்கும்.

விளக்கு மாற்றுகிற இடைவேளையில் எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று கண்டதும் பக்கத்தில் இருத்திக்கொண்டார். பையிலிருந்து ஒரு படப் புத்தகம் எடுத்தார். வேலை கேட்டுப் போகும்போது காட்டுவதற்காம். பத்தொன்பது வயதில் ஊரூராகப் போகும் ஒரு நாடகக் குழுவில் சேர்ந்திருக்கிறார். மூக்காலும் புருவத்தாலும் கதாநாயகன் வேடம் கிடைக்கவில்லை. இருபத்திரண்டு வயதிலேயே கிழவன் வேடம். நியூயோர்க் மேடையில் பத்து வருடம் சமையற்காரன், பிரேதம் அடக்குகிறவன், கதவு திறக்கிறவன். பிறகு சினிமா. புத்தகத்தைப் புரட்டப் புரட்ட மெக்சிக்கோக் கொள்ளைக்காரன், அரபு வியாபாரி, சீன வைத்தியர், செவ்விந்தியத் தலைவர், ரஷ்ய உளவாளி. எல்லாம் அவரே. அநேகமாக எல்லாரையும் பாதிப் படத்துக்கு முன் சுட்டுவிடுவார்களாம்.

கடைசிப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்கார மனிதர் சேர்ட்டோடு நின்றார். "இது ஆர்?" என்று கேட்டேன்.

"நான்தான், வேசமில்லாமல்" என்றார். "இந்தப் படத்தைப் பார்த்து ஒருத்தரும் வேலை தந்ததில்லை."

அவருக்குப் படத்தில் ஒரேயொரு வசனம். சிலைக்கு முன்னால் கையை உயர்த்திக் கத்தவேண்டும். எழுதித் தந்திருந்தது வெறும் ஊங்கா பூங்கா. அவருக்கு அது பிடிக்கவில்லை. "முப்பது வருடமாக ஒவ்வொரு நாட்டுக்காரன் வாயாலும் அர்த்தமில்லாததைப் பேசிவிட்டேன். நீங்கள் இத்தனை பேர் நிற்கிறீர்கள். தாயிடம் கும்பிட்டுக் கேட்கிற மாதிரி உங்கள் மொழியில் ஒரு வசனம் தா" என்றார்.

நான் யோசிக்க, பின்னாலிருந்து சூசை அண்ணை குனிந்தார். "டேய், அதைச் சொல்லிக்குடு. உலகம் முழுக்க ஓடப்போற படம். ஊரில பாக்கிற சனம் விழுந்து விழுந்து சிரிக்கும்."

அவர் 'அது' என்றது என்னவென்று எழுதமாட்டேன். ஒருவனுடைய தாயைச் சேர்த்து வைகிற தூஷண வசனம். ஊரில் அதைச் சொன்னவனுக்குப் பல்லு மிஞ்சாது.

சூசை அண்ணையில் பழி போடலாம். அவர் சொன்னார்தான். ஆனால் அந்தப் பூச்சுக்கும் உறுமலுக்கும் முதுகு இலக்கத்துக்கும் யாரையாவது திருப்பி அடிக்கவேண்டும் போல எனக்கே இருந்தது. இயக்குநர் எட்டாத உயரத்தில் நின்றார். கிழவர் பக்கத்தில் இருந்தார். சொல்லிக்கொடுத்தேன். "தாயே, எங்களைக் கைவிடாதே என்று அர்த்தம்" என்றேன்.

அவர் அதைப் படித்த விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கண்ணை மூடி, ஒவ்வொரு எழுத்தாக, நாக்கு எங்கே படவேண்டும் என்று என் வாயைப் பார்த்துப் பார்த்து அரை மணித்தியாலம். பிழைவிட்டால் மன்னிப்புக் கேட்டார். நான் திருத்தினேன். உச்சரிப்பைத் திருத்தினேன்!

கமெரா ஓடியது. ஹார்லன் சிலைக்கு முன்னால் போய் இரண்டு கையையும் உயர்த்தி, கண்ணீர் வழிய, கொட்டகை அதிர அந்தத் தூஷணத்தைச் சொன்னார். ஒரு பிழையில்லை.

நாற்பது பேரும் வெடித்துச் சிரித்தோம். சிலர் தரையில் உருண்டார்கள். இயக்குநர் அதைக் காட்டுமிராண்டிகளின் வெறி என்று நினைத்து, கமெராவை நிறுத்தாமல் கைதட்டினார்.

முசியே அந்த்துவான் மட்டும் சிரிக்கவில்லை. நேரே என்னிடம் வந்தார். "கெல் ஓந்த்! வெக்கமா இல்ல உனக்கு? அவரு உங்க அப்பா வயசு. உன் மேல பூசினது தண்ணியில போயிடும். இது போகுமா?"

சாப்பாட்டு மேசையில் ஹார்லன் என் முன்னால் வந்து இருந்தார். ஒட்டு மூக்கு பாதி கழன்று தொங்கியது. "நான் என்ன சொன்னேன்?" என்று கேட்டார்.

பொய் ஒன்று தேடினேன், வரவில்லை. சொன்னேன். சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் சொல்லவேண்டி வந்தது.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "சிரிப்பிலேயே தெரிந்தது. எது எந்தச் சிரிப்பு என்று மேடையில் நின்றவனுக்குத் தெரியும்" என்றார். தொங்கிய மூக்கை விரலால் அழுத்தி ஒட்டினார். பிறகு, "சரி. இப்போது சரியானதைச் சொல்லு" என்றார்.

சொன்னேன். தாயே, எங்களைக் கைவிடாதே. அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் பிடித்துக்கொண்டார். இயக்குநரிடம் போய் இன்னொருதரம் எடுக்கவேண்டும் என்று நின்றார். முதல் எடுத்ததே நல்லம் என்று அவர் சத்தம் போட, ஹார்லன் அசையவில்லை. கடைசியில் எடுத்தார்கள்.

இந்தமுறை அவர் கத்தவில்லை. கை உயர்த்தவில்லை. அந்தக் காகிதச் சிலையைப் பார்த்து, வீட்டுக்காரரோடு கதைக்கிற மாதிரி மெல்லச் சொன்னார். "தாயே, எங்களைக் கைவிடாதே." நாற்பது பேரில் ஒருவரும் சிரிக்கவில்லை. அப்போது எங்கள் எல்லாருடைய தாய்மாரும் அங்கே, ஷெல் விழுகிற ஊரில். நான் பார்க்க, பதினெட்டாம் இலக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்க நின்றார். அழுதவர் சூசை அண்ணைதான்.

"முந்தினதில்தான் நெருப்பு இருந்தது" என்றார் இயக்குநர். அதையே படத்தில் வைத்தார்கள்.

பல வருடங்களின் பின் ஒரு ஞாயிறு மத்தியானம் தொலைக்காட்சியில் அந்தப் படம் போனது. மகளுக்கு எட்டு வயது. "பப்பா, இவர் தமிழ் கதைக்கிறார்! என்ன சொல்லுறார்?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"கும்பிடுறார்" என்றேன். கடைசியில் பெயர்கள் ஓடுமட்டும் இருந்து அவருடையதைப் பார்க்க நினைத்தேன். அவை வரத் தொடங்கியவுடன் வெட்டிவிட்டுக் காலநிலை சொன்னார்கள்.

அந்தக் கொட்டகை இப்போது அடுக்குமாடி. முசியே அந்த்துவான் போய்ச் சேர்ந்துவிட்டார். சூசை அண்ணை கனடாவில் கண்ணை மூடினார். ஹார்லன் எப்போது இறந்தார் என்றுகூட எனக்குத் தெரியாது. அவர் உறவினரைத் தேடி ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதவேண்டும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன், எழுதவில்லை. வைத தமிழ் எங்கேயாவது ஒரு சுருளில் கிடக்கும். கும்பிட்ட தமிழை வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டார்கள். அதைக் கேட்ட நாற்பது பேரில் மற்றவர்கள் எங்கெங்கோ சிதறிப்போக, இப்போது எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான் மிச்சம்.